தாத்தாவின் பேரேட்டைத் திறக்கும் முன்

"ஊர் வீட்டை இடிக்கப் போகிறோம். மேல்மாடி அறையில் ஒரு மரப்பெட்டி நிறைய ஓலையும் கணக்கு நோட்டும் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா?"

இந்தக் கேள்வியோடு வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னைக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதிப் பக்கத்துக் குடும்பங்கள். நான் ஆவணக் காப்பாளன் இல்லை. சொந்த ஆர்வத்தில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து தும்மியவன், அவ்வளவுதான். அந்த அனுபவத்தில், முதல்முறை இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். செட்டிநாட்டு வியாபாரக் குடும்பங்களின் ஆவணங்களைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். திருநெல்வேலி, தஞ்சாவூர், கோயம்புத்தூர் என்று எந்த ஊர்ப் பெட்டியாக இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

எடைக்குப் போடாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

முதல் நாள்: எதையும் பிரிக்காதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் செய்யும் தப்பு, ஓலைகளை ஒரு பக்கம், பத்திரங்களை ஒரு பக்கம், கடிதங்களை ஒரு பக்கம் என்று வகை பிரித்து அடுக்குவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு கடன் பத்திரத்தோடு சேர்த்து ஒரு கடிதமும் ஒரு ரசீதும் நூலில் கட்டிக் கிடந்தால், அவை ஒரே விவகாரத்தைச் சேர்ந்தவை என்று அர்த்தம். கட்டியவர் காரணத்தோடுதான் கட்டியிருப்பார். நூலை அவிழ்த்துவிட்டால் அந்தக் கடிதத்தில் வரும் "மேற்படி விஷயம்" எந்த விஷயம் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் முதன்முதலில் பார்த்த பெட்டியில் அப்படித்தான் நடந்தது. ஆர்வக்கோளாறில் நானே நாற்பது கட்டுகளை அவிழ்த்து, கடிதங்களை எல்லாம் வருஷவாரியாக அடுக்கினேன். பாதிக் கடிதங்களில் வருஷமே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவை எந்தக் கட்டில் இருந்தன என்று தெரிந்திருந்தால் வருஷத்தை ஊகித்திருக்கலாம். இப்போது அந்த வீட்டில் "வருஷம் தெரியாதவை" என்று ஒரு பெரிய பை இருக்கிறது. என் புண்ணியம்.

எனவே முதல் நாள் வேலை இவ்வளவுதான். மூடியைத் திறந்து மேலிருந்து ஒரு படம். ஒவ்வொரு கட்டையும் எடுக்க எடுக்க ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எண் போட்டு அதன்மேல் வைத்து ஒரு படம். எந்தப் பெட்டி, எந்த அறை, மேலிருந்து எத்தனையாவது என்று ஒரு நோட்டில் ஒரு வரி. பேனா வேண்டாம், மை கசியும். ரப்பர் பேண்ட் வேண்டாம், இரண்டே கோடையில் உருகி ஒட்டிக்கொள்ளும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் கடைக்குக் கொண்டு போகவே போகாதீர்கள், அதைத் திரும்ப உரிக்க முடியாது. செல்லரித்த கட்டு இருந்தால் அதை மட்டும் தனியே வைத்து, பெட்டியைச் சுவரோரத்திலிருந்தும் தரையிலிருந்தும் நகர்த்துங்கள். கரையான் அங்கிருந்துதான் ஏறும்.

இன்னொன்று. பெட்டியைத் திறக்கும் முன் பங்காளிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "பழைய பத்திரத்தை எல்லாம் எடுத்துப் பார்க்கிறானாம்" என்ற செய்தி உங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேரும். அது சொத்துப் பேச்சாக மாறினால் அடுத்த வாரம் அந்த அறைக்குப் புதுப் பூட்டு தொங்கும். இரண்டு பங்காளிகளைக் கூடவே உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பெயர்களை அடையாளம் சொல்ல அவர்கள் வேண்டும்.

பெட்டிக்குள் என்னென்ன இருக்கும்

வியாபாரக் குடும்பம் என்றால் கணக்குதான் அதிகம். அன்றாட வரவு செலவை உடனுக்குடன் எழுதியது சிட்டை அல்லது குறிப்பு. அதிலிருந்து ஆள்வாரியாக, இனம்வாரியாகப் பிரித்து ஏற்றியது பேரேடு. கணக்கு முடிக்கும்போது எடுத்தது ஐந்தொகை. புதிதாக வருபவர்களுக்கு என் யோசனை, ஐந்தொகையில் தொடங்குங்கள். இரண்டு மூன்று பக்கத்தில் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்ற முழுப் படமும் வந்துவிடும். பெயர்கள் பழகிய பிறகு பேரேட்டுக்குப் போகலாம்.

பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன குடும்பங்களில் வேறு வகைக் காகிதங்களும் கிடைக்கும். கடையை நடத்த மேலாளை அனுப்பும்போது எழுதிக்கொண்ட சம்பளச் சீட்டு அவற்றில் முக்கியம். பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. மேலாள், அவருக்கு அடுத்தாள், எல்லோருக்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று ஒரு கடையின் ஆட்கள் வரிசை அதிலிருந்தே தெரியும். கடிதங்களில் "கிட்டங்கி" என்ற சொல் அடிக்கடி வரும். செட்டியார்கள் பலர் ஒரே கூடத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து தொழில் செய்து, அங்கேயே தங்கிய கட்டடம் அது. அந்தச் சொல் வந்தால் எந்த ஊர், எந்தத் தெரு என்று பக்கத்திலேயே தேடுங்கள்.

குடும்ப ஆவணங்கள் தனிக் கட்டாக இருக்கும். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார் வீடு என்றால் கல்யாணத்தின்போது எழுதிய இசைகுடிமானம், மொய்ப்பண ஏடு, சீர் சாமான் பட்டியல், ஜாதக ஓலை. இசைகுடிமானத்தில் இரு வீட்டாரின் பெயர், ஊர், எந்த நகரக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்பது எல்லாம் வந்துவிடும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பதில் ஒன்று. வம்சாவளி போட இதைவிட நல்ல காகிதம் கிடையாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்துக்கு ஜாதகம்தான் சான்றிதழ். வருஷம், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் இருக்கும், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம்.

கணக்கு ஏட்டை வெறும் பணம் என்று ஒதுக்கிவிட்டுக் கடிதங்களை மட்டும் படிப்பவர்கள் உண்டு. பாவம், நல்லதை விட்டுவிடுகிறார்கள். கடிதத்தில் மனிதர்கள் பொய் சொல்வார்கள். "இவ்விடம் அனைவரும் க்ஷேமம்" என்று எழுதிய அதே வாரத்தில் வைத்தியருக்கு மூன்று முறை பணம் கொடுத்த பற்று குறிப்பில் இருக்கும். மகமை என்று தர்மத்துக்குத் தனியாக ஒதுக்கிய தொகை, சாமி பேரில் வைத்திருந்த கணக்கு, சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிய தீபாவளிச் சீர், ஒரு விதவை அத்தையின் பணத்தைக் கடையில் போட்டு மாதாமாதம் கொடுத்த வட்டி என்று வீட்டின் அன்றாடம் முழுக்க அங்கேதான் கிடக்கிறது.

தேதி: இங்கேதான் எல்லோரும் சறுக்குவது

பழைய கணக்கில் ஆங்கில வருஷத்தைத் தேடாதீர்கள். பிரபவ, விபவ என்று தொடங்கும் அறுபது வருஷப் பெயர்தான் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதுதான் சிக்கல். பிரபவ என்றால் 1867, 1927, 1987 மூன்றில் எது? தாது என்றால் 1876, 1936, 1996. 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்றுதான் இன்றும் சொல்கிறோம். அதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற வருஷங்களை விரல் விட்டே எண்ணிவிடலாம்.

மூன்றில் எது என்பதைச் சொல்வது பக்கத்தில் கிடக்கும் பொருள்கள். முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது? விக்டோரியாவா, ஜார்ஜா? எழுதியது எழுத்தாணியா, மையா? தபால் முத்திரை இருக்கிறதா? முதல் நாள் கட்டைப் பிரிக்காதீர்கள் என்று சொன்னதன் பலன் இங்கே தெரியும்.

அடுத்த கண்ணி, தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவது. பிரமோதூத வருஷம் என்றால் 1930 என்று குறித்துக்கொள்வோம். ஆனால் அந்த வருஷத்துத் தை, மாசி, பங்குனி மூன்றும் 1931இல் விழும், மார்கழியும் பாதி அப்படித்தான். கல்யாணம் அதிகம் நடப்பது தையில். ஆகவே ஒரு வருஷம் தவறாகப் போட்ட கல்யாணத் தேதிகளை வம்சாவளிப் புத்தகங்களில் நிறையப் பார்க்கலாம்.

நிலம் சம்பந்தமான காகிதங்களில் பசலி வரும். அது ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும் வருவாய்த் துறை ஆண்டு. பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. தெற்கே திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கம் கொல்லம் ஆண்டும் உண்டு. அதற்கு 825ஐக் கூட்டுங்கள், தேதி டிசம்பருக்குள் வரும் முற்பாதி என்றால் அதில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரியைப் படித்துப் பார்ப்போம்

பழகுவதற்காக, குறிப்பில் வரும் பாணியில் நானே ஒரு வரி எழுதுகிறேன்.

பிரமோதூத௵ தை௴ ௰௨௳ பழனிக் காவடிக்கு ௶ ௹ ௭வ

௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௶ என்றால் பற்று, இதற்கு எதிர்க்குறி ௷ வரவு. ௹ ரூபாய். இவற்றோடு ௸ என்ற குறியும் பக்கத்துக்குப் பத்து இருக்கும், மேற்படி என்று பொருள். இந்த ஏழு குறிகளையும் ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு புரிந்துவிடும்.

௰௨ என்பது பத்தும் இரண்டும், பன்னிரண்டு. பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள்: ௰, ௱, ௲. எனவே 1930ஐ ௲௯௱௩௰ என்று எழுதுவார்கள். ஆயிரம், ஒன்பது நூறு, மூன்று பத்து என்று வாயால் சொல்லிக்கொண்டே படித்தால் சரியாக வரும். பிற்காலக் கணக்குகளில் இங்கிலீஷ் முறைப்படி ௧௯௩௦ என்றும் எழுதியிருப்பார்கள். ஒரே ஏட்டில் இரண்டும் கலந்து வருவதும் உண்டு, கணக்குப்பிள்ளை மாறியிருப்பார்.

௭வ என்பதில் ௭ ஏழு. அடுத்து இருக்கும் 'வ' எழுத்து இல்லை, கால். ஆக ஏழேகால் ரூபாய், அதாவது ஏழு ரூபாய் நான்கு அணா. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. 1957 ஏப்ரல் வரை இதுதான் கணக்கு. பின்னங்களில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்குவது ஒரு வரிசை. வீசம் பதினாறில் ஒன்று, எனவே ஒரு வீசம் ரூபாய் என்பது ஓரணா. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முந்தைய காகிதம் என்றால் ரூபாய்க்குப் பதில் வராகனும் பணமும் காசும் இருக்கும். சென்னை வராகன் ஒன்றுக்குச் சுமார் மூன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, தேதியைப் பார்ப்போம். பிரமோதூத தை 12 என்பது 1931 ஜனவரி கடைசி வாரம். அந்த ஆண்டு தைப் பௌர்ணமி பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தது. காவடி கட்டி நடந்து போகிறவர்களுக்குப் பத்து நாள் முன்னால் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்பது பொருந்துகிறது. ஒவ்வொரு வரியையும் இப்படி ஒரு வெளிச் செய்தியோடு மோதிப் பார்த்தால் தப்பு உடனே தெரிந்துவிடும்.

பக்கத்தின் உச்சியில் தனியாக ஒரு 'உ' இருந்தால் அதை இரண்டு என்று படித்துவிடாதீர்கள். அது பிள்ளையார் சுழி. சிரிக்க வேண்டாம். ஒரு பொறியியல் பட்டதாரி ஒரு முழு ஏட்டையும் "இரண்டாம் பாகம்" என்று பட்டியல் போட்டு, முதல் பாகத்தைத் தேடி வீடு முழுக்க அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஓலை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும், எகர ஏகார வேறுபாடு தெரியாது. வாய்விட்டுப் படித்துப் பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் சாய்வாக வெளிச்சம் காட்டிப் பாருங்கள், கீறல் நிழல் விழும். கரி பூசி எண்ணெய் தடவும் வேலையை வீட்டில் தொடங்காதீர்கள், பழக்கப்பட்டவர் கையால்தான் நடக்க வேண்டும். காகிதத்தில் ணா, றா, னா, லை, னை எல்லாம் பழைய கொம்பும் சுழியுமாக இருக்கும். 1978க்கு முன் அச்சான புத்தகம் ஒன்றை நாலு நாள் படித்தால் அது பழகிவிடும்.

பெயர் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று இல்லை

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். எனவே ஒரே அருணாசலம் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருப்பார். அண்ணன் தம்பி இருவரும் தங்கள் மகன்களுக்கு ஒரே ஐயா பெயரை வைத்திருந்தால் ஒரே காலத்தில் இரண்டு அருணாசலம். இதை அவிழ்க்க உதவுவது பெயருக்கு முன்னால் வரும் விலாசம். மூன்று நான்கு தலைமுறை முன்னெழுத்துகள் வரிசையாக இருக்கும், கடைக்கும் அதுவே மார்க்கா. பங்கு பிரியும்போது விலாசத்தில் ஓர் எழுத்து கூடும் அல்லது மாறும். எந்த வருஷத்தில் மாறியது என்று கண்டுபிடித்துவிட்டால் பாகப்பிரிவினை எப்போது நடந்தது என்பதும் தெரிந்துவிடும்.

முன்னெழுத்து ஒரே இரவில் முழுதாக மாறியிருந்தால் குழம்ப வேண்டாம், அவரைப் பிள்ளை கூட்டியிருப்பார்கள். சுவீகாரம் போனவருக்குப் புது வீட்டின் விலாசம். இதைத் தெரியாமல் "அவர் 1912க்குப் பிறகு கணக்கிலேயே இல்லை, இறந்துபோயிருப்பார்" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. மனிதர் பக்கத்துத் தெருவில் நாற்பது வருஷம் வாழ்ந்திருப்பார்.

பெண்களின் பெயரைத் தேடுவது கடினம். "மேற்படியார் சம்சாரம்" என்றுதான் பெரும்பாலும் வரும். மொய்ப்பண ஏட்டிலும் சீர்ப் பட்டியலிலும், அவர்கள் பேரில் வட்டிக்குப் போட்ட பணத்தின் கணக்கிலும் பெயர் இருக்கும். முதலில் அங்கே பாருங்கள்.

வீட்டுக்கு வெளியே தேடுவது

பெட்டியில் உள்ளதைக் கொஞ்சமாவது படித்த பிறகுதான் வெளியே போக வேண்டும். "எங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் எந்தக் காப்பகத்திலும் கையை விரிப்பார்கள். "1931இல் இன்னார் பேரில் இந்த ஊரில் பதிவான அடமானப் பத்திரம்" என்று கேட்டால் தேட ஒரு பிடி கிடைக்கும்.

சார்பதிவாளர் அலுவலகம்தான் பக்கத்தில் இருக்கும் காப்பகம், அதை யாரும் காப்பகமாக நினைப்பதில்லை. வில்லங்கச் சான்று இணையத்தில் 1975க்குப் பிற்பட்டதுதான் பொதுவாகக் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியும் 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். அட்டவணை இரண்டு வகை, ஒன்று ஆள் பெயர்படி, மற்றது சொத்துப்படி. உயில்கள் 3ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்துபோயிருந்தால் அதன் நகலை யாரும் கேட்கலாம். அசையாச் சொத்து சாராத மற்றப் பத்திரங்கள் பதியும் 4ஆம் புத்தகத்தின் நகல் மட்டும் எழுதிக்கொடுத்தவருக்கும் அதில் உரிமை உள்ளவருக்கும்தான். ஓர் அலுவலகத்தில் எனக்கு மூன்று முறை "அவ்வளவு பழசெல்லாம் இல்லை" என்ற பதில் கிடைத்தது. நாலாவது முறை, புத்தக எண்ணையும் வருஷத்தையும் தாளில் எழுதிக்கொண்டு போனேன். இருபது நிமிஷத்தில் வந்துவிட்டது.

எந்த அலுவலகம் என்பதிலும் ஒரு சூட்சுமம். செட்டிநாடு ஒரே ஆட்சியில் இருந்ததில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிரிட்டிஷ் மாகாணத்தின் மதுரை மாவட்டத்திலும், 1910இல் இருந்து இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்தது, அதிலும் பெரும்பகுதி சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்கள். 1985இல்தான் சிவகங்கை தனி மாவட்டமாக வந்தது. இராயவரம், அரிமளம், கோனாபட்டு, பொன்னமராவதிப் பக்கம் புதுக்கோட்டை சமஸ்தானம், 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்தது. பத்து மைல் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்களின் 1930ஆம் ஆண்டுக் காகிதங்கள் இரண்டு வேறு அரசாங்கங்களின் காகிதங்கள். முதலில் ஊரை வைத்து ஆட்சியைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் அலுவலகம்.

சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்று தொடங்கியது. அங்கே இருப்பவை அரசாங்கத்தின் காகிதங்கள்: அரசாணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், இனாம் (வரிச் சலுகையோடு கொடுத்த நிலம்) பதிவேடுகள், அரசிதழ்கள். உங்கள் தாத்தா அரசாங்கத்தோடு உரசியிருந்தால்தான் அங்கே வருவார். சத்திரம் கட்ட நிலம் கேட்டது, இனாமைப் பதிந்தது, திவாலானது என்று ஏதாவது. போவதற்கு முன் அனுமதிக்கு என்ன கடிதம் வேண்டும் என்று போனில் கேட்டுவிட்டு, அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாளை அட்டவணைகளைப் பார்க்கவே ஒதுக்குங்கள்.

அச்சானவற்றுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒற்றை ஆளாகச் சேர்த்துவைத்த புத்தகங்கள், பத்திரிகைகள், நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் அவர் காலத்துக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் சென்னையில் நூலகமாயின. கல்யாணப் பத்திரிகையை எல்லாம் ஒருவர் சேர்ப்பாரா என்று அந்தக் காலத்தில் ஊரில் கேட்டிருப்பார்கள். இன்று ஒரு பத்திரிகையில் ஒரு தேதியும் இரண்டு விலாசமும் கிடைத்தால் நமக்கு அது போதும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் என்றால் சரஸ்வதி மகாலில் மராத்தியர் காலத்து ஆவணங்கள், மராத்தியை எழுதிய மோடி என்ற பழைய எழுத்தில் இருக்கின்றன. மோடி எழுத்து படிக்கத் தெரிந்த ஆளை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடல் கடந்த வியாபாரத்துக்கு சிங்கப்பூர் கைகொடுக்கும். அந்நாட்டுப் பழைய ஆங்கில நாளிதழ்களை அங்குள்ள தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. விலாசத்தின் எழுத்துகளை இங்கிலீஷில் போட்டுத் தேடினால் கோர்ட் வழக்குகளும் ஏல விளம்பரங்களும் வரும். ஒரு பெயருக்கு நாலைந்து ஸ்பெல்லிங் போட்டுப் பாருங்கள், செட்டி, செட்டியார், செட்டியர் எல்லாம் உண்டு. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழிப் பதிவுகளும் இருக்கின்றன.

பர்மா கடினம். 1930 வாக்கில் அங்கே 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனபோது அடமான நிலமெல்லாம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஆறு சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் இருபத்தைந்து சதவீதம் ஆனது. 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு நடந்து வந்தவர்கள் தூக்கி வந்தது கொஞ்சம் காகிதம்தான். ஆகவே உங்கள் பெட்டியில் பர்மாப் பேரேடு இருந்தால், அங்கே அதன் ஜோடி இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கட்டைத்தான் முதலில் படமெடுக்க வேண்டும்.

படமெடுப்பதும் ஒப்படைப்பதும்

கையில் இருக்கும் செல்போனே போதும். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் காலை வெளிச்சம் நன்றாக இருக்கும், நேர் வெயில் வேண்டாம். பக்கத்துக்கு நேர் மேலாகப் பிடித்து, ஓரத்தில் ஒரு ஸ்கேலையும் கட்டு எண்ணையும் வைத்து எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போனதா என்ற சந்தேகம் கடைசிவரை இருக்கும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள். படங்களை இரண்டு வேறு ஊர்களில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

சொத்துப் பத்திரங்களின் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். எண்பது வருஷத்துப் பத்திரமானாலும் சட்டப்படி உயிரோடு இருக்கலாம். அந்த மூலங்களைத் தனியாகப் பூட்டி வைத்துவிட்டு மற்றதில் கை வையுங்கள்.

காப்பகத்துக்கே கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். பூட்டியே கிடக்கும் வீடு, ஒழுகும் மாடி என்றால் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. ராமபாணப் பூச்சிக்குக் குடும்பப் பெருமை தெரியாது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் படத்தை மட்டும் கொடுக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் இருந்த நில ஆவணங்களையும் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் இப்படி டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறது. எப்படிக் கொடுத்தாலும் எழுத்தில் கொடுங்கள்: எத்தனை கட்டு, யாருக்குச் சொந்தம், யார் பார்க்கலாம், கேட்டால் திரும்பக் கிடைக்குமா, கல்யாண ஏடுகளில் இருக்கும் சொந்த விவரங்களை எத்தனை வருஷத்துக்கு மூடி வைக்க வேண்டும். வாய்ப்பேச்சில் கொடுத்த பெட்டி, பொறுப்பாளர் மாறியதும் யாருடையது என்று தெரியாமல் போன கதை எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு.

வீட்டிலேயே வைப்பதாக இருந்தால், துவைத்துக் கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றி, வேப்பிலையோ வசம்போ ஒரு சின்னத் துணி முடிச்சில் ஓரமாக வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். கட்டுகளின் பட்டியலில் ஒரு நகலைப் பெட்டிக்குள் மேலாகவும், ஒரு நகலை மூடியின் உட்புறத்தில் ஒரு உறையிலும் வையுங்கள். பட்டியலை யார் எழுதியது, எந்த வருஷம் என்று கீழே குறிப்பிடுங்கள். வருஷத்தை 2025 என்பது போல எண்ணிலேயே எழுதுங்கள். விசுவாவசு என்று மட்டும் எழுதினால், அடுத்து பெட்டியைத் திறப்பவர் மூன்றில் எது என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கும்.